டிஎஸ்எல் ஓடும் தொலைபேசி லைனில் வீட்டு அலாரத்தை இணைப்பது எப்படி

அமெரிக்காவிலோ கனடாவிலோ கொஞ்சம் பழைய வீடு வாங்கியவர்கள் பலர், பேஸ்மென்டிலோ ஒரு க்ளாசெட்டுக்குள்ளோ பூட்டிய இரும்புப் பெட்டி ஒன்றைப் பார்த்திருப்பார்கள். அலாரம் பேனல் அதற்குள்தான் இருக்கும். கதவு, ஜன்னல் சென்சார்களின் வயர்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். சென்சார் ஒன்று தட்டினால் பேனல் லேண்ட்லைனில் கண்காணிப்பு நிலையத்துக்கு டயல் செய்து, எந்த வீட்டில் எந்த இடத்தில் என்ன நடந்தது என்பதை டோன்களாகச் சொல்லிவிட்டு லைனை வைத்துவிடும். அதே இரண்டு கம்பியில் டிஎஸ்எல் பிராட்பேண்டும் வரும்போதுதான் தொல்லை ஆரம்பம். அலாரம் அடித்தால் இணையம் விழும். அல்லது இணையத்தின் இரைச்சலில் அலாரத்தின் செய்தி போய்ச் சேராது.

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் வயர்கள் போகும் வரிசைதான். தெருவிலிருந்து வரும் லைன் முதலில் ஸ்ப்ளிட்டருக்கு, அதாவது குரலையும் இணையத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் டப்பாவுக்குப் போக வேண்டும், அதன் குரல் பக்கம் அலாரத்துக்கு, அலாரத்திலிருந்து திரும்பி வருவது வீட்டு போன்களுக்கு. மோடத்துக்கு ஸ்ப்ளிட்டரிலிருந்தே தனி ஜோடி. கீழே வரும் வேலைகள் எல்லாம் இந்த வரிசையை உண்டாக்குவதற்கும், அது உண்மையிலேயே அமைந்ததா என்று சோதிப்பதற்கும்தான்.

வேலையில் இறங்குமுன் லைன் எப்படிப்பட்டது என்று பாருங்கள்

வீட்டின் வெளிச்சுவரிலோ பேஸ்மென்டிலோ தொலைபேசி நிறுவனத்தின் சாம்பல் நிறப் பெட்டி இருக்கும். தொழிலில் இருப்பவர்கள் அதை என்ஐடி என்பார்கள். ஒரு பாதி நிறுவனத்துக்குச் சொந்தம், பூட்டியிருக்கும், அதைத் தொடாதீர்கள். மறு பாதி உங்களுடையது, ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் திறக்கும். அமெரிக்காவில் 1987 ஜனவரி முதலே வீட்டுக்குள் ஓடும் வயரிங் வாடிக்கையாளர் பொறுப்பு. அதில் நீங்களே கை வைக்கலாம்.

உங்கள் பக்கத்தில் ஒரு சிறிய பிளக் ஒரு ஜாக்கில் குத்தியிருக்கும். அதை உருவினால் வீடு முழுவதும் லைனிலிருந்து துண்டிக்கப்படும். காலியான அந்த ஜாக்கில் ஒரு சாதாரண வயர் போனைக் குத்திக் கேளுங்கள். டயல் டோன் வந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. டோன் இல்லை, ஆனால் மோடம் வேலை செய்கிறது என்றால் உங்களிடம் இருப்பது குரல் சேவை இல்லாத வெறும் டிஎஸ்எல் லைன். அதில் எந்த பேனலும் டயல் செய்யாது. செல்போன் நெட்வொர்க் வழியாகச் செய்தி அனுப்பும் செல்லுலார் கம்யூனிகேட்டர்தான் வழி. டயல் டோன் மோடத்தின் பின்னால் உள்ள போன் துளையிலிருந்து வருகிறது என்றால் அது இணையவழிக் குரல். அதைப் பற்றிக் கடைசியில்.

தேவையான பொருட்கள்

வீடு முழுமைக்கும் ஆன டிஎஸ்எல் ஸ்ப்ளிட்டர் ஒன்று. என்ஐடிக்குள் வைப்பதாக இருந்தால் வெளிப்புறத்துக்குத் தகுந்தது. உங்கள் சேவை டிஎஸ்எல்-இன் வேகமான வகையான விடிஎஸ்எல் என்றால், விடிஎஸ்எல்-க்கு ஏற்றது என்று அட்டையிலேயே போட்டிருப்பதை வாங்குங்கள். அதற்கு முந்தைய வகையான ஏடிஎஸ்எல்2+ 2.2 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். விடிஎஸ்எல்2 17 மெகாஹெர்ட்ஸ், சில இடங்களில் 30 வரை கூடப் போகும். பழைய ஸ்ப்ளிட்டர் அந்த உயரத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது.

அலாரத்துக்கென்றே உள்ள ஆர்ஜே31எக்ஸ் ஜாக் ஒன்று, அதற்கான எட்டு முனை பிளக் உள்ள கார்டு ஒன்று. பல கடைகளில் இரண்டும் சேர்ந்தே வரும். கனடாவில் இதே ஜாக்கை சிஏ38ஏ என்று கேட்டால் கொடுப்பார்கள்.

கம்பிகளை ஜோடி ஜோடியாக முறுக்கிய கேட்5இ கேபிள், என்ஐடியிலிருந்து பேனல் வரைக்கும் மோடம் வரைக்கும் எட்டும் நீளம். ஜெல் நிறைத்த ஸ்காட்ச்லாக் இணைப்பான்கள் பத்து. மல்டிமீட்டர். வயர் உள்ள பழைய மாடல் போன் ஒன்று. கார்ட்லெஸ் போதாது, அதன் தளத்துக்குத் தனி மின்சாரம் வேண்டும், லைனின் சத்தத்தையும் அது சுத்தப்படுத்திக் காட்டிவிடும்.

டிஎஸ்எல் இரைச்சல் போனுக்குப் போகாமல் தடுக்கும், சுவரில் குத்தும் சின்ன மைக்ரோஃபில்டர் ஒன்றை வைத்து ஸ்ப்ளிட்டர் செலவை மிச்சப்படுத்தும் யோசனை பலருக்கு வரும். வேண்டாம். அது ஒரு போனுக்காகச் செய்யப்பட்டது, வீட்டு போன்கள் எல்லாவற்றையும் அதன் பின்னால் தொங்கவிடுவதற்கு அல்ல. தமிழ்நாட்டில் பிஎஸ்என்எல் பிராட்பேண்டோடு லைன், போன், மோடம் என்று மூன்று துளைகளுடன் ஒரு டப்பா கொடுப்பார்களே, அதுதான் ஸ்ப்ளிட்டர். இங்கே அதைச் சுவரில் தொங்கும் டப்பாவாக இல்லாமல் வீட்டின் நுழைவாயிலிலேயே வைக்கிறோம், அவ்வளவுதான்.

ஆர்ஜே31எக்ஸ் என்ன செய்கிறது

இதைப் புரிந்துகொள்ளாமல் வயரைத் தொட்டால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும், திருடன் வரும் நாள் வரைக்கும்.

சாதாரண போன் ஜாக்குகள் எல்லாம் ஒரே ஜோடிக் கம்பியில் பக்கவாட்டில் தொங்குகின்றன. பேனலையும் அப்படித் தொங்கவிட்டால், வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது அது டயல் செய்ய முடியாது. சமையலறை போனின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் போதும், உங்கள் அலாரம் ஊமை. அதனால் பேனல் லைனின் குறுக்கே உட்கார வேண்டும். தெருவிலிருந்து வரும் லைன் பேனலுக்குள் நுழைந்து, அதன் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வழியாக வெளியே வந்து, பிறகுதான் போன்களுக்குப் போக வேண்டும். அலாரம் அடித்ததும் ரிலே போன்களை அறுத்துவிட்டு லைனைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளும்.

இதற்காக ஜாக்கின் எட்டு முனைகளில் நான்கு பயன்படுகின்றன. 4, 5 ஆகிய முனைகளில் தெருவிலிருந்து வரும் லைன். 1, 8 ஆகியவற்றில் வீட்டு போன்களுக்குத் திரும்பும் லைன். பிளக்கை உருவிவிட்டால் ஜாக்குக்குள் இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகள் 1-ஐ 4-உடனும், 5-ஐ 8-உடனும் தாமே இணைத்துவிடும். பேனலைக் கழற்றிக் கொண்டுபோனாலும் போன்கள் வேலை செய்வது இதனால்தான்.

பேனலிலிருந்து வரும் கார்டில் பொதுவாகப் பச்சை, சிவப்பு இரண்டும் உள்வரும் லைன். பழுப்பு, சாம்பல் இரண்டும் போன்களுக்கு. தொலைபேசி லைனின் இரண்டு கம்பிகளுக்கும் டிப், ரிங் என்று பெயர்; பேனலின் பலகையில் அந்தப் பெயருள்ள முனைகளில் முறையே பச்சையும் சிவப்பும். வீட்டு போன் பக்கத்தின் டிப்பில் பழுப்பு, ரிங்கில் சாம்பல். டிஎஸ்சி நிறுவனத்தின் பேனல்களில் இவை டி-1, ஆர்-1 என்று அச்சாகியிருக்கும். ஜாக்கின் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் உள்ள நிறங்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், ஆகவே ஜாக்கில் நிறத்தை நம்பாமல் எண்ணை நம்புங்கள்.

வேலை

முதல் வேலை போன் செய்வது. கண்காணிப்பு நிலையத்தைக் கூப்பிட்டு, கணக்கு எண்ணும் ரகசியச் சொல்லும் சொல்லி, கணக்கைச் சோதனை நிலையில் வைக்கச் சொல்லுங்கள். நான்கு மணி நேரம் கேளுங்கள். இதை மறந்தால் வாசலில் போலீஸ் வந்து நிற்கும். பல ஊர்களில் பொய் அலாரத்துக்கு அபராதமும் உண்டு.

பிறகு பேனலின் மின்சாரத்தை எடுங்கள். சுவரில் குத்தியிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரை உருவி, பெட்டிக்குள் உள்ள 12 வோல்ட் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றுங்கள். என்ஐடியின் சிறிய பிளக்கையும் உருவி வையுங்கள். தொலைபேசி லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் நேர்மின்சாரம்தான், ஆனால் மணி அடிக்கும்போது அதன்மேல் ஏறக்குறைய 90 வோல்ட் மாறுமின்சாரம் ஏறும். ஆளைக் கொல்லாது, ஏணியிலிருந்து தள்ளிவிடும்.

அடுத்தது வரைபடம். என்ஐடியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு கேபிளும் எங்கே போகிறது என்று கண்டுபிடித்து ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டுங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். பழைய வீடுகளில் ஒரு ஜாக்கிலிருந்து அடுத்த ஜாக்குக்கு என்று தொடராக இழுத்திருப்பார்கள்; யாரோ ஒருவர் பின்னாளில் என்ஐடியிலிருந்தே ஒரு படுக்கையறைக்குத் தனியாக ஒரு கேபிள் இழுத்திருப்பார். அந்த ஒற்றைக் கேபிள் உங்கள் கண்ணில் படாமல் போனால் அந்த அறையின் போன் அலாரத்துக்கு முன்னால் நின்றுவிடும், ஃபில்டரும் இல்லாமல்.

ஸ்ப்ளிட்டரை என்ஐடிக்குள் அல்லது அதற்கு அடுத்தாற்போல் வீட்டுக்குள் பொருத்துங்கள். லைன் என்று போட்ட முனைகளில் என்ஐடியிலிருந்து வரும் ஜோடி. டேட்டா முனைகளில் மோடத்துக்கான கேட்5இ-யின் நீல ஜோடி; இந்தக் கேபிள் வேறு எங்கும் கிளை பிரியாமல் நேராக மோடம் ஜாக்குக்குப் போக வேண்டும். குரல் முனைகளில் பேனலுக்குப் போகும் இன்னொரு கேட்5இ-யின் நீல ஜோடி. அந்த இரண்டாவது கேபிளின் ஆரஞ்சு ஜோடி பேனலிலிருந்து திரும்பி வரும் லைன். முன்பு என்ஐடியில் நேராகக் கட்டியிருந்த வீட்டுக் கேபிள்கள் எல்லாவற்றையும் அங்கிருந்து கழற்றி, ஸ்காட்ச்லாக் வைத்து இந்த ஆரஞ்சு ஜோடியோடு சேருங்கள்.

பழைய சிவப்பு, பச்சை, கறுப்பு, மஞ்சள் நான்கு கம்பிக் கேபிளிலேயே டேட்டாவையும் குரலையும் சேர்த்து ஓட்டாதீர்கள். அந்தக் கம்பிகள் ஜோடி ஜோடியாக முறுக்கப்படாதவை. ஒன்றில் ஓடுவது மற்றொன்றில் ஒலிக்கும், வேகமும் குறையும்.

பேனலுக்கு அருகில் ஆர்ஜே31எக்ஸ் ஜாக்கைச் சுவரில் அறையுங்கள். நீல ஜோடியை 4, 5-இல், ஆரஞ்சு ஜோடியை 1, 8-இல் கட்டுங்கள். கார்டின் மறுமுனையை மேலே சொன்ன நிறப்படி பேனலில் இணைத்து, எட்டு முனை பிளக்கை ஜாக்கில் குத்துங்கள். இதற்குப் பிறகு வீட்டில் எந்த போனிலும் மைக்ரோஃபில்டர் இருக்கக் கூடாது. ஸ்ப்ளிட்டருக்குப் பின்னால் இன்னொரு ஃபில்டர் வைத்தால் குரல் மெலியும், கூப்பிடுபவரின் எண் தெரியாமல் போகலாம். மோடத்திலும் ஃபில்டர் கிடையாது. மோடத்தில் தவறிப்போய் ஃபில்டர் வைத்தால் அது டிஎஸ்எல்-ஐயே வடிகட்டிவிடும்.

என்ஐடியின் பிளக்கைத் திரும்பக் குத்தி, பேட்டரியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் இணையுங்கள்.

சோதனை, இதே வரிசையில்

1. ஆர்ஜே31எக்ஸ் பிளக்கை உருவுங்கள். வீட்டின் ஒவ்வொரு போனிலும் டயல் டோன் கேட்க வேண்டும், மோடம் விழக் கூடாது.
2. பிளக்கைக் குத்துங்கள். அதே நிலை தொடர வேண்டும். வயர் போனில் எண் ஒன்றை அழுத்தி டோனை நிறுத்தி, அமைதியில் காது கொடுங்கள். இஸ்ஸென்ற இரைச்சல் இருந்தால் டிஎஸ்எல் குரல் பக்கம் கசிகிறது.
3. யாரையாவது போனில் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு அலாரத்தை அடிக்க விடுங்கள். பேச்சு அறுந்து, போன் செத்துப்போக வேண்டும். மோடத்தின் டிஎஸ்எல் விளக்கு அசையாமல் எரிய வேண்டும்.
4. பேனல் செய்தியை அனுப்பி முடித்ததும் போனில் டயல் டோன் திரும்ப வேண்டும்.
5. நிலையத்தைக் கூப்பிட்டு என்னென்ன வந்தது என்று கேளுங்கள். கீபேடில் தெரிந்ததும் அவர்கள் சொல்வதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மூன்றாவது சோதனையைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். ஆனால் மற்ற நான்கையும் விட அதுவே முக்கியம். உள்வருவதையும் வெளிச்செல்வதையும் மாற்றிக் கட்டியிருந்தால், அலாரம் சும்மா இருக்கும்போது ஒரு குறையும் தெரியாது. ரிலே வழியாக லைன் அந்தப் பக்கமிருந்தும் ஓடும். அலாரம் அடித்ததும் பேனல் தெருவை அறுத்துவிட்டு உங்கள் வீட்டு போன்களோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

ஐந்தாவதில் கேட்கும் எண்களைப் பற்றி. பெரும்பாலான பேனல்கள் கான்டாக்ட் ஐடி என்ற முறையில் பேசும். நிலையம் எடுத்ததும் 1400 ஹெர்ட்ஸிலும் 2300 ஹெர்ட்ஸிலும் இரண்டு குறுகிய டோன் கொடுக்கும். பேனல் நாலு இலக்கக் கணக்கு எண்ணோடு நிகழ்வு எண்ணை போன் பட்டன் டோன்களில் தட்டும். சரியாகக் கிடைத்ததும் நிலையம் மறுபடி 1400 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து விடைகொடுக்கும். 130 என்றால் திருட்டு, 110 தீ, 301 மின்தடை, 302 பேட்டரி பலவீனம், 602 வழக்கமான சோதனை. நிகழ்வு எண்ணுக்கு முன்னால் 1 இருந்தால் புதிதாக நடந்தது, 3 இருந்தால் பழைய நிலைக்குத் திரும்பியது. "1130, மண்டலம் 3" என்று அவர்கள் சொன்னால், மூன்றாம் மண்டலத்தில், அதாவது பேனலில் அந்த எண்ணில் இணைந்த சென்சாரில், திருட்டு அலாரம் அடித்தது என்று பொருள்.

எல்லாம் சரியானால் சோதனை நிலையை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஏதாவது சரியில்லை என்றால்

அலாரம் செய்தி அனுப்பும்போது மட்டும் இணையம் விழுகிறதா? மோடம் 1, 8 முனைகளுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது; ரிலே அதையும் சேர்த்தே அறுக்கிறது. போன் மணி அடிக்கும்போதெல்லாம் விழுகிறது என்றால் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் ஒரு போன் ஒளிந்திருக்கிறது, வரைபடத்தில் விட்டுப்போன அந்தக் கேபிள்தான்.

மூன்றாவது சோதனையில் ஒரே ஒரு போன் மட்டும் சாகவில்லை என்றால், அது ஸ்ப்ளிட்டரின் குரல் முனைக்கும் ஆர்ஜே31எக்ஸ்-க்கும் நடுவில் கட்டப்பட்டிருக்கிறது. இணையத்துக்குக் கெடுதல் இல்லை, பாதுகாப்புக்குக் கெடுதல்.

பிளக்கை உருவினால் போன்கள் சாகின்றன, குத்தினால் வேலை செய்கின்றன: ஜாக்கின் உலோகப் பட்டைகள் துருப்பிடித்தோ வளைந்தோ போயிருக்கின்றன. ஜாக்கை மாற்றுங்கள், சுரண்டிப் பார்ப்பதில் பயனில்லை. இதற்கு நேர்மாறாக, குத்தினால்தான் சாகின்றன என்றால் பழுப்பு அல்லது சாம்பல் வயர் பேனலில் தளர்ந்திருக்கிறது.

பேனல் தொலைபேசி லைன் இல்லை என்று புலம்புகிறதா? 4, 5 முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள். போன்கள் எல்லாம் வைக்கப்பட்டிருக்கையில் ஏறக்குறைய 48 வோல்ட் காட்ட வேண்டும். பூச்சியம் என்றால் ஸ்ப்ளிட்டரின் டேட்டா பக்கத்தைப் பேனலுக்குக் கட்டிவிட்டீர்களா என்று பாருங்கள். பல ஸ்ப்ளிட்டர்களில் டேட்டா பக்கம் நேர்மின்சாரத்தை மறித்துவிடும்.

டயல் டோன் இருக்கிறது, வோல்ட் சரி, இரைச்சலும் இல்லை, ஆனாலும் செய்தி போகவில்லை என்று கீபேட் சொல்கிறது. இது வயரிங் இல்லை, பேனலில் பதிந்துள்ள எண். அமெரிக்காவில் 988 நெருக்கடி உதவி எண்ணுக்கு வழிவிட, பல பகுதிகளில் 2021 அக்டோபர் 24 முதல் உள்ளூர் அழைப்புக்கும் பத்து இலக்கம் கட்டாயமானது. ஏழு இலக்கம் பதித்து வைத்த பழைய பேனல்கள் அன்றிலிருந்து, யாருக்கும் தெரியாமல், தவறான அழைப்பு என்ற அறிவிப்பைத்தான் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இன்னொன்று, காத்திருப்பு அழைப்பின் பீப் ஒலி செய்தியைக் கெடுக்காமலிருக்க எண்ணுக்கு முன் நட்சத்திரக் குறியும் 70-உம் சேர்ப்பது வழக்கம். அந்தச் சேவை உங்கள் லைனில் இல்லாவிட்டால் அதே முன்னொட்டு அழைப்பைக் கெடுக்கும். சேவையை ரத்து செய்தவர்கள் பேனலிலும் அதை எடுக்க வேண்டும்.

என்ஐடியைத் தொட முடியாத வாடகை வீடுகளில்

எட்டு முனை பிளக் உள்ள, அலாரத்துக்கென்றே செய்த டிஎஸ்எல் ஃபில்டர்கள் கிடைக்கின்றன. பேனல் கார்டை அதில் குத்தி, அதை ஆர்ஜே31எக்ஸ் ஜாக்கில் குத்தினால் வேலை முடிந்தது. போன்கள் ஒவ்வொன்றுக்கும் தனி மைக்ரோஃபில்டர் வேண்டும். இரண்டு கம்பி மட்டுமே உள்ள சாதாரண ஃபில்டரை இந்த இடத்தில் வைக்க முடியாது, போன்களுக்குத் திரும்பும் ஜோடிக்கு அதில் வழியே இல்லை. மோடத்தை, முடிந்தால், ஆர்ஜே31எக்ஸ்-க்கு முன்னால் உள்ள ஜாக்கில் வையுங்கள். ஸ்ப்ளிட்டர் முறையோடு ஒப்பிட்டால் இது இரண்டாந்தரம்தான், ஆனால் வீட்டுக்காரரிடம் துளை போட அனுமதி கேட்க வேண்டியதில்லை.

டயல் டோன் மோடத்திலிருந்து வந்தால்

இங்கே ஸ்ப்ளிட்டருக்கு வேலையே இல்லை, ஆனால் அலாரம் முதலில், போன்கள் பிறகு என்ற வரிசை மாறாது. மோடத்தின் போன் துளையிலிருந்து ஒரு ஜோடியை 4, 5-க்குக் கொண்டுவாருங்கள். அதற்கு முன் வீட்டு வயரிங்கை என்ஐடியிலிருந்து கழற்றியே ஆக வேண்டும்; இல்லாவிட்டால் மோடம் தரும் மின்சாரமும் தெருவிலிருந்து வரும் 48 வோல்ட்டும் மோதி அடாப்டர் கெடும். டிஎஸ்எல் அதே கம்பியில் வருகிறதென்றால் மோடத்துக்குப் போகும் ஜோடியை மட்டும் என்ஐடியில் விட்டுவையுங்கள். குரல் கோடெக், அதாவது குரலை டிஜிட்டலாக மாற்றும் முறை, ஜி.711 ஆக இருக்கட்டும். அதிகம் சுருக்கும் கோடெக்குகள் மனிதக் குரலைக் காப்பாற்றும், கான்டாக்ட் ஐடி டோன்களைச் சிதைக்கும்.

மின்சாரம் போனால் மோடம் சாகும், மோடம் செத்தால் அலாரமும் ஊமை. பேனலுக்குள் பேட்டரி இருந்து பயனில்லை, மோடத்துக்கும் ஒரு யுபிஎஸ் வேண்டும். அதற்கும் மேலே பாதுகாப்பு வேண்டுமென்றால் செல்லுலார் கம்யூனிகேட்டர் சேருங்கள். வெளிச்சுவர்ப் பெட்டியில் வயரை வெட்டிவிட்டு உள்ளே வருபவனுக்கு எதிராக வேறு நல்ல வழி கிடையாது. பழையதாக விலைக்கு வருவதை வாங்கும்போது 4ஜி எல்டிஇ-யா என்று பாருங்கள். ஏடி&டி தன் 3ஜி சேவையை 2022 பிப்ரவரியிலும், வெரைசன் அதே ஆண்டின் கடைசியிலும் நிறுத்திவிட்டன; அந்தக் கால ரேடியோக்கள் இன்னும் மலிவாக விற்பனைக்கு வந்துகொண்டிருக்கின்றன.